பொங்கலுக்கு ஒரு டெம்போ விறகு

மூன்றாவது வெட்டிலேயே கோடாலி ஆணியில் மோதி வாய் மழுங்கியது. மணி ஏழு. பத்து மணிக்குள் தாராவி மெயின் ரோட்டில் ஐம்பது பானை பொங்கியாக வேண்டும்.

வானமாமலை செம்பூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முறைப்படுத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. போன வருடம் பொங்கல் பானைகளை உயரவாரியாக வரிசைப்படுத்தப் போய், பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு ஓரகத்திகளை அடுத்தடுத்து உட்கார வைத்துவிட்டார். பாலுக்கு முன்னால் சண்டை பொங்கியது. அந்தக் கெட்ட பெயர் போகட்டும் என்றுதான் மனைவி மீனாட்சியம்மாள் இந்த வருடம் விறகுப் பொறுப்பைக் கொடுத்திருந்தாள். நினைக்கும்போதே அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

பேக்கரி ஜமாலின் டெம்போ சந்தில் கொட்டிவிட்டுப் போன மரம், இடித்த கட்டடத்து மரம். உத்தரம், நிலைச்சட்டம், ஜன்னல் பலகை, உடைந்த கட்டில் கால் என்று எல்லாம் கலந்து கிடந்தது.

"கண்டமேனிக்கு வெட்டப்பிடாது, ஜம்பு. மொதல்ல தடிமன் பாத்துப் பிரி" என்றார், பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பிலிருந்து உதவிக்கு வந்தவனிடம்.

மூன்று குவியலானதும் சந்து அடைத்துக்கொண்டது. குடத்தோடு வந்த எதிர்வீட்டு விஜயராணி நின்றாள்.

"அண்ணாச்சி, நான் பறந்தா போவேன்?"

ஓரமாகத் தள்ளினார்கள். மூன்று குவியலும் மறுபடி ஒன்றாகிவிட்டது.

"சரி, நீளத்த வச்சுப் போவோம். இந்தக் குச்சிதான் அளவு. ஒரு அடி."

ஜம்புவின் ரம்பம் சுறுசுறுப்பாக ஓடியது. சற்று நேரத்தில் அளவுக்குச்சியைக் காணோம்.

"அதையும் சேத்து ரெண்டா அறுத்துட்டேன், அண்ணாச்சி. பொறவு அந்தப் பாதிய வச்சுத்தான் அறுத்தேன்."

ஒன்பது மணிக்குக் கோடாலிக் காம்பு ஒடிந்தது. புதுக் காம்புக்காகக் குவியலைக் கிளறினார்கள். ஒரு டெம்போ மரத்தில் ஒரு அடிக்கு மேல் துண்டே இல்லை.

ஜமால் சாயாவோடு வந்தார். "எதுக்குப் பதறுதீங்க? நிதானமா கீறுங்க."

"பத்து மணிக்குள்ள முடியலன்னா என் மானம் போச்சு, ஜமால்!"

ஒடிந்த காம்பைக் குட்டையாகப் பிடித்துக் கொத்திக்கொண்டிருந்தபோது ரோட்டிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. கைக்கு வந்த விறகை அள்ளிக்கொண்டு ஓடினார்.

ஐம்பது பானையும் பொங்கி வழிந்துகொண்டிருந்தன. ஓரகத்திகள் ஆளுக்கொரு கோடியில் சிரித்த முகமாக நின்றார்கள். ஒவ்வொரு அடுப்பிலும் காய்ந்த விறகு நிறைந்து எரிந்தது.

"இது எந்த விறகு?" என்றார் வானமாமலை, மூச்சு வாங்க.

பின்னாலேயே வந்த ஜமால் அவர் தோளைத் தொட்டார்.

"இது மதினி போன வாரமே கீறி வச்சது, அண்ணாச்சி. பத்து மணி வரைக்கும் உங்கள சந்துலயே நிறுத்தி வைக்கத்தான் என் பேக்கரி விறகக் கேட்டாங்க. பத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு, வாங்க, சந்துக்கே போவோம்."