ரோஹிணி எந்தத் துறையின் கீழ் வருகிறாள்?

ஆர்.கே.புரம், புது தில்லி
ஜூலை 2003

மகாகனம் பொருந்திய அத்திம்பேருக்கும் அக்காவுக்கும் சேஷன் அநேக நமஸ்காரம். மலை மந்திர் முருகன் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் க்ஷேமம். என் மண்டை மட்டும் குழம்பிக் கிடக்கிறது. அங்கே மழை உண்டா?

நீங்கள் பார்த்துச் சொன்ன, இங்கே தில்லி துவாரகாவில் இருக்கும் வரன் கை நழுவிவிடும் போலிருக்கிறது. எல்லாம் ரோஹிணி படித்த பயோமெடிக்கல் இன்ஃபர்மேடிக்ஸால் வந்த வினை. பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று பிள்ளை வீட்டார் கேட்டார்கள். ஆயுசு முழுக்க ஃபைல் தள்ளியவன் நான், எந்த விஷயமானாலும் அது எந்தத் துறையின் கீழ் வரும் என்றுதான் முதலில் பார்ப்பேன். சுகாதாரத் துறையில் இருந்த வெங்கடராமனைக் கேட்டால், "அது கம்ப்யூட்டர் ஆச்சே, எங்களுக்கு வராது" என்றார். கம்ப்யூட்டர் பிரிவு ஜோதிலிங்கமோ, "வியாதி சமாச்சாரம் சார், அந்தப் பக்கம் கேளுங்க" என்று திருப்பிவிட்டார். சரி, பெண்ணையே கேட்போம் என்றால், "அரே அப்பா, ரெண்டும்தான்! மொதல்ல ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பில் மட்டும் போட்டுது. அப்புறம் பேஷண்ட் ரெக்கார்ட் வெச்சுண்டுது. இப்போ ஜீன் எல்லாம் படிக்கறது. நாளைக்கு உங்க உடம்புக்குன்னு தனியா மருந்து சொல்லும்" என்கிறாள். என் உடம்பைப் பற்றி எனக்கே தெரியாதது அதற்கு எப்படித் தெரியும்?

இந்தக் குழப்பத்தில், பையனின் அம்மா ஜலஜா மாமியிடம் "டாக்டர் மாதிரி" என்றும், அப்பா சந்திரசேகரிடம் "கம்ப்யூட்டர் மெக்கானிக் மாதிரி" என்றும் சொல்லித் தொலைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மாமி கையில் பூவோடு ஒரு பை மாத்திரை, மாமா மடியில் ஓடாத கம்ப்யூட்டர், நடுவில் பஜ்ஜித் தட்டோடு பையன் கௌஷிக். ரோஹிணி மாமா கொண்டுவந்த கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சதா தலை சுத்தறது" என்று மாமி நீட்டிய மாத்திரைப் பையை வாங்கி, தன் கம்ப்யூட்டரில் தான் எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராமில் ஒவ்வொரு பெயராகத் தட்டினாள். "ஆன்ட்டி, ரெண்டு டாக்டர் ரெண்டு பேர்ல ஒரே பிரஷர் மருந்தைக் கொடுத்திருக்கா. அதனாலதான் தலை சுத்தறதோ என்னமோ. ஜல்தி டாக்டர்கிட்ட காட்டுங்கோ" என்றாள். பெண் பார்க்க வந்த இடத்தில் வருங்கால மாமியாரைப் பெண் பரிசோதிப்பாளோ? மாமி முகம் சுண்டிப்போய்விட்டது. கேசரியைத் தொடாமல் எழுந்துவிட்டார்கள், கம்ப்யூட்டரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவமானமும் அழுகையுமாக வந்தது.

ஆகவே நீங்கள்தான் பேசிச் சரிக்கட்ட வேண்டும். அவள் இந்த வேலையை விட்டுவிட்டு பாங்க் பரீட்சை எழுதுவாள் என்று என் வாக்காகவே சொல்லிவிடுங்கள். பாங்க் என்றால் நிதித்துறை, எனக்கும் நிம்மதி. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். அக்காவுக்கு முழங்கால் தேவலையா?

இப்படிக்கு,
சேஷன்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பும்போது ஜலஜா மாமி ஃபோன். டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தினாராம், தலைசுற்றல் போய்விட்டதாம். "உங்க பொண்ணுதான் எங்காத்துக்கு வரணும். வேலையை மட்டும் விடச் சொல்லாதீங்கோ" என்கிறார். அதனால் மேலே எழுதியது எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். இன்லண்ட் லெட்டரை வீணாக்க மனமில்லாமல்தான் மடிப்பில் இதை எழுதுகிறேன். ஆனால் ரோஹிணி இப்போது, "ஆன்ட்டி ஓகே அப்பா. கௌஷிக் என்ன வேலை பண்றார்? கேட்டா 'சொல்யூஷன்ஸ்'ங்கறார். எதுக்கு சொல்யூஷன்னு அவருக்கே தெரியலை" என்கிறாள். அது எந்தத் துறையின் கீழ் வரும், அத்திம்பேர்?