முறுக்கண்ணன் மிசின் வாங்கிய கதை

ஜவ்வாது மலையில் முறுக்கண்ணன் மூடிய எதையும் இன்னொரு மனுஷன் திறந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஊறுகாய் பாட்டில், தண்ணீர்க் குழாய், டீசல் டேங்க் மூடி என்று எதைக் கொடுத்தாலும் கடைசிச் சுற்றுவரை முறுக்கி, அதற்கு மேலும் ஒரு சுற்று முறுக்குவார். "தேங்கா எண்ண பாட்டில ஆணியால ஓட்ட போட்டுத்தான் ஊத்திக்கிறேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இதே கததான்" என்பார் அண்ணி.

ஜமுனாமரத்தூரிலிருந்து வேலூருக்குச் சாமையும் புளியும் ஏற்றும் சின்ன லோடு வண்டி அவருடையது. அதில் எனக்கும் ஒரு வேலை. டிரைவர் இல்லை, கிளீனரும் இல்லை. எடை. டயர் பஞ்சரானால் சக்கரத்து நட்டைக் கழற்ற வேண்டுமே! அவர் முறுக்கிய நட்டு வெறும் கைக்கு அசையாது. ஸ்பானரை மாட்டி, அதன் நுனியில் என்னை ஏற்றிவிடுவார். நான் குதிப்பேன், நட்டு கழலும். எனக்குப் படிப்புதான் ஏறவில்லை, உடம்பாவது ஏறியதே என்று என் வீட்டில் ஒரே சந்தோஷம்.

போன மழைக்காலத்தில், அமிர்திக்கு இறங்கும் ஒரு வளைவில் அப்படிக் குதித்தபோது ஸ்பானர் வழுக்கிவிட்டது. முட்டி பலாப்பழமாக வீங்கியது. தேறி, நொண்டிக்கொண்டு அண்ணன் முன்னால் வந்து நின்றேன்.

"இனிமே நீ ஏற வேணாம்டா. நட்டு கழட்டறதுக்கு பேட்டரி மிசின் வந்துக்குது. ஒயரே கெடையாதாம், வண்டியிலயே வெச்சிக்கலாம். வா, வேலூர்ல பாத்து ஒண்ணு எடுப்போம்."

"சார்ஜ் போடணுமேண்ணா. மலைல கரண்ட்டு இருந்தாத்தான?"

"கரண்ட்டு வர்றப்போ போட்டுக்கலாம். ஏறுடா."

குதிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். அதற்கும் மிசின் வந்துவிட்டால் வண்டியில் எனக்கு எதற்கு சீட்டு? என் இடத்துக்கு வரப்போகிற ஆளை நானே பொண்ணு பார்க்கப் போவதுபோல வேலூருக்குக் கிளம்பினேன்.

கடைக்கார பாய், மேசையில் பூட்டியிருந்த ஒரு நட்டை மிசினை வைத்து டர்ர்ர் என்று கழற்றிக் காட்டினார்.

"இது உங்க நட்டு பாய், நீங்க சொன்னா கேக்கும். என் வண்டி வெளிய நிக்குது. அதுல காட்டுங்க" என்றார் அண்ணன். சக்கரத்துக்கு எதிரே ஒரு முக்காலி போட்டு என்னை உட்காரவைத்து, மிசினை என் கையில் கொடுத்தார்.

முதல் மிசின் கையடக்கம். கொஞ்ச நேரம் அழுதது. நட்டு அசையவில்லை.

"இது சைக்கிளுக்குத்தான்ணா ஆவும்" என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

இரண்டாவது ஆட்டுக்குட்டி கனம் இருந்தது. நட்டைக் கழற்றிவிட்டது, கூடவே என் தோளையும்.

"அய்யோ, கனம்ணா! தோளே பூடுச்சு. சீட்டுக்கு அடியிலகூட போவாது."

அதையும் ஓரமாக வைத்தார். இன்னும் ஒரே ஒரு குறை சொன்னால் வெறுங்கையோடு மலையேறிவிடலாம்.

மூன்றாவது நடுத்தரம். கைக்கு இதமாக இருந்தது, ஆனால் அடுத்த நட்டு அசையவில்லை. பாய் குனிந்து பார்த்தார்.

"இத யாருங்க முறுக்குனது?"

"நான்தான். கையால முறுக்கிட்டு, ஸ்பானர் மேல ஏறி நின்னு இன்னொரு முறுக்கு."

"போல்ட்டு அறுந்துடும்ங்க! கையால எவ்ளோ வருதோ அவ்ளோ போதும். அப்டி முறுக்குனா இந்த மிசினே கழட்டிடும். ஏறித்தான் நிப்பேன்னா பெரிசையே எடுத்துக்குங்க."

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முறுக்கண்ணனைக் குறைவாக முறுக்கச் சொல்வது மலைப்பாதையை நேராகப் போகச் சொல்வதுபோல.

அண்ணன் பெரிய மிசினைப் பார்த்தார். தேய்த்துக்கொண்டிருந்த என் தோளைப் பார்த்தார். என் முட்டியைப் பார்த்தார்.

"பெரிச இவனால தூக்க முடியாது பாய். நடுவால இருக்கறதையே கட்டுங்க."

"நான் இன்னாத்துக்குண்ணா தூக்கணும்?"

"பின்ன எவன் கழட்டுவான்? எனக்கு இந்த பட்டன்லாம் ஒத்து வராது. அதுக்கோசரம்தான உன் கையில குடுத்துப் பாத்தேன்? நீ இன்னாடான்னா வாய் ஓயாம கொற சொல்லினே கீற!"

நடு மிசினை நானே எடுத்துப் பாயிடம் கட்டக் கொடுத்தேன்.

பாய் பெரிய மிசினால் எல்லா நட்டையும் தளர்த்திக் கொடுத்தார். அண்ணன் ஸ்பானரைப் பிடித்துக் கையால் மட்டும் முறுக்கினார். ஒவ்வொரு நட்டிலும் கால் தானாக ஸ்பானர் மேல் ஏறப் பார்த்தது. ஏறவிடாமல் இழுத்துக்கொண்டார்.

அமிர்தி தாண்டி மலையேறியதும் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய் நட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"பயமா இருக்குதாண்ணா?"

"ஆமாண்டா. லூசா கீற மாதிரியே இருக்குது."

"அப்ப ஏறி நின்னு ஒரு முறுக்கு முறுக்கிடுண்ணா."

"அப்புறம் உன்னால கழட்ட முடியாது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த வளைவில் அவர் நிறுத்தியபோது நானும் நொண்டிக்கொண்டே இறங்கினேன். நட்டுகள் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் ஒரு பக்கச் சக்கரத்தை அவர் தொட்டுப் பார்க்க, மறுபக்கத்தை நான் தொட்டுப் பார்த்தேன்.