கழுதை மேல் ஏறினால் ஆட்டமா, பயணமா?

அன்பு மருமகன் கிரெய்க்குக்கு,

கில்மோர் ஊரிலிருந்து உன் தாய்மாமன் வெர்னன் ஹாக் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் லோயிஸ் அத்தையும் என் டிராக்டரும் நலம். டிராக்டருக்கு மட்டும் இந்தப் பனியில் காலை வேளைகளில் கொஞ்சம் இருமல். அங்கே நீயும் உன் மனைவியும் உன் கல்லூரிக் கூடைப்பந்து அணியும் நலமாயிருக்க வேண்டுமென்று ஞாயிறு ஆராதனையில் முன் பெஞ்சிலிருந்து சத்தமாகவே வேண்டிக்கொண்டேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் உன் பக்கம் உடனே சிக்னல் போய்விடுகிறது. அதனால் கடிதம். இதை உட்கார்ந்துகொண்டு படி.

விஷயம் டால்ட்டன் ஷூக் பையனைப் பற்றியது. உனக்கு மேல் இருக்கும் தலைமைப் பயிற்சியாளர் டுகன் இந்நேரம் உன் அறைக் கதவை உதைத்திருப்பார். அவர் சொல்வதில் பாதியை நம்பாதே. நான் சொல்வதில் ஒரு வரியைக்கூட விடாதே.

இந்தப் பையனைக் கண்டெடுத்தது யார்? பள்ளி ஆட்டக்காரர்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிக்கும் நிபுணர்களில் எவனாவது கில்மோர் பக்கம் வந்தானா? இவனுக்கு அரை நட்சத்திரம்கூட யாரும் போடவில்லை. பெரிய கல்லூரி எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. நான்தான் போய்ப் பார்த்தேன். நிபுணன் கூடையில் விழுகிற பந்தைப் பார்ப்பான், நான் விழாத பந்தைப் பார்ப்பேன். பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும்போது மற்ற ஒன்பது பேரும் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்க்க, இவன் ஒருத்தன் மட்டும் அது வந்து விழப்போகிற இடத்தில் முன்னாலேயே போய் நின்றான், பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி. அதை உனக்கு எழுதினேன், நீ உன் கோச்சிடம் சொன்னாய், அணியில் இருந்த கடைசி இடத்தைப் பையனுக்கு வாங்கிக் கொடுத்தாய். டுகன் அவனைப் பார்த்துவிட்டு "இது என்ன, ஆட்டக்காரனா, வேலிக் கம்பா?" என்று கேட்டதும், இந்த ஒரு வருஷம் சிவப்புச் சட்டை என்று உட்கார வைத்ததும் நீயே சொன்னதுதான். அதாவது அணியோடு பயிற்சி செய்யலாம், சாப்பிட்டு உடம்பில் முப்பது பவுண்டு ஏற்றலாம், ஆனால் எந்த ஆட்டத்திலும் இறங்கக்கூடாது. இறங்காமல் இருந்தால் நாலு வருஷ ஆட்டமும் முழுசாய்க் கையில் இருக்கும். வெளியிடத்துப் போட்டி ஒன்றில் ஒரு நிமிஷம் இறங்கினாலும் ஒரு வருஷம் போச்சு. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு நின்றாலும் சட்டம் என் ரத்தத்தில் ஊறியது.

சரி, போன சனிக்கிழமைக்கு வருகிறேன். தீயணைப்புப் படைக்குப் புது வண்டி வாங்க வருஷா வருஷம் நடக்கிற கழுதைக் கூடைப்பந்து. பள்ளி உள்ளரங்கத்தில் கழுதைகளுக்கு ரப்பர் லாடம் மாட்டி, அவற்றின் மேல் உட்கார்ந்தபடியே பந்தாடுவோம்; தீயணைப்புக்காரர்கள் ஒரு பக்கம், வாத்தியார்கள் ஒரு பக்கம். தீயணைப்பு அணிக்குத் தலைவன் நான். அங்கேதான் விதி விளையாடியது. முடிவெட்டுகிற மெர்ல் அன்று காலை பனியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டான். ஒரு ஆள் குறைந்தது. ஊரே காத்திருக்கிறது. நான் திரும்பிப் பார்த்தால், வார விடுமுறைக்கு வந்த டால்ட்டன் படிக்கட்டில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருக்கிறான்.

"இறங்கி வாடா தம்பி"ன்னேன்.

"ஐயோ மிஸ்டர் ஹாக், நான் சிவப்புச் சட்டை. எந்த ஆட்டத்துலயும் இறங்கக் கூடாதுன்னு கிரெய்க் கோச் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

"ஆட்டம்னா என்னடா? ஓடுறது. இங்க ஓடுறது யாரு? கழுதை. நீ வெறும் சுமை. சுமைக்கு ஏதுடா சட்டம்?"

பையன் யோசித்தான். பெரியவர் சொல்லைத் தட்டாத பிள்ளை. பெட்டூனியா என்கிற கழுதை மேல் ஏற்றிவிட்டேன். ஆறடி எட்டங்குலப் பையன் அல்லவா, உட்கார்ந்த பிறகும் இரண்டு பாதமும் தரையிலேயே இருந்தன. அப்புறம் நடந்ததை எழுதப் பேனாவுக்கு மை போதாது. கடைசி நொடி, ஸ்கோர் சமம், பெட்டூனியா புயலாய்ப் பாய்கிறது, பையன் நடுக்கோட்டிலிருந்து ஒற்றைக் கையால் எறிகிறான், உள்ளே! கூரைப் பனி சரிந்து விழுகிற மாதிரி ஒரு கைத்தட்டல். வெற்றி!

ஆட்டம் முடிந்து பன்றிக்கறி சாண்ட்விச் சாப்பிடுகிற இடத்தில் ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீலக் கோட்டு, மரியாதையான முகம். என் ரசிகை என்று நினைத்துவிட்டேன், அது என் குற்றமில்லை, என்னைப் பார்க்கிறவர்கள் பொதுவாக அப்படித்தான்.

"ஆட்டம் முடிஞ்சப்புறம்தான் வந்தேங்க, நல்லா நடந்துச்சாமே. நடுவரெல்லாம் வெச்சிருந்தீங்களா?"ன்னு கேட்டார்.

"ஒருத்தரா? ரெண்டு பேரும்மா! மாநில அளவுல விசில் ஊதினவங்க!"

"ஸ்கோர் வெச்சீங்களா?"

"ஸ்கோரா? மின்சாரப் பலகை! நொடிக்கு நொடி!"

"சீருடை?"

"நானே துணி தேர்ந்தெடுத்துத் தைக்கச் சொன்னேன்!"

"அங்க நிக்கிற அந்த உயரமான பையன் யாருங்க?"

"அவனா? என் கண்டுபிடிப்பு! கல்லூரி ஆட்டக்காரன்! ஜெயிக்க வெச்சதே அவன்தான்!"

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க. நான் பெல்லமி. அவன் படிக்கிற கல்லூரியிலதான் ஆட்டக்காரங்க தகுதி விதியைப் பார்த்துக்கறேன். இங்க தங்கச்சி வீட்டுக்கு வந்தேன்"னார். கிரெய்க், என் வாயிலிருந்த சாண்ட்விச் கீழேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நடுவர், ஸ்கோர், சீருடை, இந்த மூன்றும் இருந்தால் அது போட்டியாம். மூன்றையும் நானே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

பின்னால் டால்ட்டன் நின்றிருக்கிறான். "என் வருஷம் போச்சா, மிஸ்டர் ஹாக்?"ன்னு கேட்டான். கோபமாய்க் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாய்க் கேட்டான்.

அதனால் திங்கள் காலை, பெல்லமி அம்மா ஊர் திரும்பும் முன், சாப்பாட்டுக் கடையில் வழிமறித்தேன். "அம்மா, நான் சொன்னதெல்லாம் கொஞ்சம் நகாசு வேலை. நடுவர் என்றது கழுதைக்காரர் மனைவி, அவங்க விசில் ஊதினது கழுதைகளைக் கூப்பிட. பலகை போன வருஷத்திலிருந்து பழுது. சீருடை என்றது விதைக்கடைக்காரன் இலவசமாய்க் கொடுத்த தொப்பி."

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "மிஸ்டர் ஹாக், அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"ன்னார்.

நான் பதில் சொல்வதற்குள் கடையே எழுந்துவிட்டது, கிரெய்க். தீயணைப்புப் படைக்கே தலைவனான ராண்டி, "மேடம், வெர்னு சொல்றதைப் பத்தால வகுங்க. வர்ற மீதியையும் கடையிலயே விட்டுட்டுப் போங்க"ன்னான். மெர்ல் ஊன்றுகோலோடு நொண்டி வந்து, "எரியுற வீட்டுல குழந்தையைக் காப்பாத்தப் போய் எனக்குக் கால் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கான் இந்தாளு. நான் எங்க வீட்டு வாசப்படியில வழுக்கினேங்க!"ன்னான். பாஸ்டர் லைல் மட்டும் நிதானமானவர். "பொய்னு நான் சொல்லமாட்டேன். ஆனா வெர்னன் சர்ச்சுல சாட்சி சொல்ல எழுந்தார்னா, எங்க பாட்டுக்குழு உக்காந்துக்கும்"னார். ஊர் கூடி ஒருவனைப் பொய்யன் என்று இவ்வளவு சந்தோஷமாய் நிரூபித்ததை நீ எங்கேயும் பார்த்திருக்க மாட்டாய். வாழ்நாளெல்லாம் உழைத்துச் சம்பாதித்த பெயர் ஒரு பையனுக்கு உதவுகிறதே என்று எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

பெல்லமி அம்மா சிரித்துவிட்டார். "அப்போ கடைசிக் கூடையும் கதைதானே?"ன்னு கேட்டார். அங்கேதான் சறுக்கினேன். எதை வேண்டுமானாலும் விடலாம், அந்தக் கூடையை எப்படி விடுவது? "அது மட்டும் சத்தியம்மா! பூப்போல உள்ளே போச்சு!"ன்னு என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அவர் சிரிப்பு நின்றது. "அப்படின்னா பையன் ஆடியிருக்கான். யோசிக்கணும்"னு கிளம்பிப் போய்விட்டார். இன்னும் தீர்ப்பு வரவில்லை. பையன் சாப்பிடுவதில்லையாம்.

இதற்கு நடுவில் டுகன் எனக்கே போன் செய்து, "ஊரே பொய்யன்னு சொல்ற ஆளோட வாயை நம்பியாய்யா நாங்க பையனை எடுத்தோம்?"ன்னு கத்தினார். நான் சொன்னேன், "கோச், கதை சொல்றது வேற இலாகா, ஆட்டக்காரனை எடைபோடறது வேற இலாகா." வைத்துவிட்டார். அங்கேயும் சிக்னல் சரியில்லை போல.

ஆகவே மருமகனே, நீ பெல்லமி அம்மாவைப் பார்த்து, கழுதை மேல் இருப்பது பயணம்தான், ஆட்டமில்லை என்று நயமாய் எடுத்துச் சொல். உன் கையில்தான் பையனின் ஒரு வருஷம் இருக்கிறது. உன் பந்தெல்லாம் வளையத்துக்குள் விழட்டும், உன் எதிரிகளின் பந்தெல்லாம் உன் பையன்களின் கையில் விழட்டும். உன் மனைவிக்கு என் ஆசி. உன் அம்மாவிடம் இதில் எதையும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் புகழுக்குக் காரணமான மாமன்,
வெர்னன் ஹாக்

பின்குறிப்பு: கிரெய்க், இது லோயிஸ் அத்தை. உங்க மாமா தபால் தலை தேடிக்கொண்டிருக்கிறார், அதற்குள் எழுதிவிடுகிறேன். டால்ட்டன் அன்றைக்குப் பந்தைத் தொடவே இல்லை. அவன் ஏறினான், உடனே பெட்டூனியா உட்கார்ந்துவிட்டது. அப்போது ஆட்டமே ஆரம்பிக்கவில்லை. ஆப்பிள் காட்டித்தான் எழுப்பினார்கள். பையன் இறங்கிப் போய்ப் பாப்கார்னை எடுத்துக்கொண்டான். ஏறியதே ஆட்டமாகிவிடுமோ என்றுதான் அவனுக்குப் பயம். அவனுக்குப் பதில் ஆடியதும் கடைசிக் கூடை போட்டதும் தபால்கார நோரா. எல்லாம் என் போனில் படமாக இருக்கிறது. நேற்று பெல்லமி அம்மாவுக்கு அனுப்பினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததாகச் சொன்னார். பையன் ஆடவில்லை, நாலு வருஷமும் பத்திரம். டால்ட்டனுக்குச் சொல்லிவிட்டேன், இரண்டு தட்டு சாப்பிட்டானாம். உங்க மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை, அவர் எழுதிக்கொண்டிருக்கும்வரை வீடு அமைதியாக இருக்கிறது. இன்னொன்று. அந்தப் பையனைப் பார்க்கப் போன அன்று உங்க மாமா முதல் பாதியிலேயே தூங்கிவிட்டார். பந்து விழுகிற இடத்தில் முன்னாலேயே போய் நிற்கிறான் என்று திரும்பி வரும்போது காரில் சொன்னவள் நான். டுகனிடம் அந்தக் கணிப்பு என்னுடையது என்று சொல். அடுத்த குளிர்காலம் அவனை ஆட்டத்தில் இறக்கு.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் படித்துவிட்டேன். நான் தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு காதால் எடைபோட்டேன். மற்றதை விடு, முக்கியமான விஷயத்தை உன் அத்தை கவனிக்கவில்லை. போன வருஷ ஆட்டம் முழுக்க இருநூறு பவுண்டு ராண்டியைச் சுமந்துகொண்டு குதித்த கழுதை, நம் பையன் ஏறியதும் உட்கார்ந்துவிட்டதே, ஏன்? முப்பது பவுண்டும் ஏறிவிட்டது! வேலிக் கம்பு என்ற டுகனிடம் போய்ச் சொல், பெட்டூனியா சாட்சி. அது என்னைப் போல இல்லை, வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை.