மேளத்துக்கு அடியில் ஒரு குரல்

பிணத்தின் காதில் சொன்ன ரகசியம் வெளியே வராது என்று நம்பி நான் மோசம் போனேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் பக்கம் ஒப்பாரி வைக்க என்னை மிஞ்சிய ஆள் கிடையாது. (பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.) என் ஓரகத்தி குப்பு செத்தபோதும் மேளத்தோடு போட்டி போட்டுப் பாடினேன். அவள் மகள் செல்விக்குப் பட்டணத்தில் ஒலிப்பதிவு வேலை. போனில் ஒன்று, தாயின் தலைமாட்டில் வைத்த சின்னக் கருவியில் ஒன்று என்று இரண்டு விதமாகப் பதிந்தாள். போனில் இருந்ததை ஊரே கேட்டு மெச்சியது.

காரியத்தன்று பட்டப்பகலில் பனி இறங்கி எதிர்வீடே தெரியவில்லை. செல்வி சின்னக் கருவியில் பதிந்ததை ஸ்பீக்கரில் போட உட்கார்ந்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதானேடி?”

“இல்ல பெரிம்மா. போனு எடத்த மிச்சம் புடிக்க, மோளத்துக்கு அடியில இருக்கிற சின்னச் சத்தத்த வீசிடும். இது எதையும் வீசாது. அடுத்த சத்தம் இன்னான்னு ஊகிக்கும், ஊகம் எவ்ளோ தப்போ அத மட்டும் எழுதி வச்சிக்கும். அதனால எடமும் கம்மி. பிரிச்சா மடிச்ச பொடவ மாதிரி அப்டியே வரும்.”

“அப்போ மோளத்த கொறைடி. என் கொரல் எடுப்பா கேக்கட்டும்.”

குறைத்தாள். என் பாட்டு நின்ற இடத்தில், அடியிலிருந்து ஒரு கிசுகிசுப்பு கிளம்பியது.

“குப்பூ... கோழி...”

கொழுந்தனார் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. “அண்ணி! அவதான்! கோழிய கேக்கறா! இனிமே இந்த வூட்ல இருக்க மாட்டேன், மலையெறங்கி ஆலங்காயத்துக்கே போய்டறேன்!”

பல வருஷம் முன்னால் குப்புவின் முட்டைக்கோழி காணாமல் போனது. என்மேல் சந்தேகப்பட்டாள். மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து சாகும்வரை அவள் என்னோடு பேசவில்லை. ஊரில் எனக்கிருந்த நல்ல பெயர் அந்தச் சத்தியத்தில்தான் நின்றது.

அது பேயின் குரலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று, “ஒரு கோழி அறுத்துப் படைச்சா அடங்கிடுவா” என்றேன், ரொம்பத் தெரிந்தவள்போல.

ஸ்பீக்கர் நிற்கவில்லை. “...நாந்தாண்டி புடிச்சி கொழம்பு வச்சேன். ருசியாத்தான் இருந்துச்சி. மன்னிச்சுடு.”

“பெரிம்மா,” என்றாள் செல்வி மெதுவாக, “இது ஒங்க கொரலு.”

“கற்பூரம் அணச்சீங்களே அண்ணி!” என்றார் கொழுந்தனார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, காரிய வீடே சிரித்தது.

இன்றைக்கும் வீட்டில் யார் பொய் சொன்னாலும், “மோளத்த கொறைக்கட்டுமா?” என்றுதான் கேட்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஆனால் அந்த “மன்னிச்சுடு”க்குப் பிறகு, ஸ்பீக்கரில் “ம்” என்று ஒரு சத்தம் வந்தது. நான் அவள் காதருகே குனிந்திருந்தபோது பக்கத்தில் வேறு யாருமில்லை.

“மடிச்சிப் பிரிச்சதுல வந்ததாடி?”

செல்வி மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் அதே இடத்தில் அதே “ம்.”

“இது எதையும் கூட்டாது பெரிம்மா. அங்க இருந்ததுதான் வரும்.”

அது மன்னிப்பா, மிரட்டலா, இன்னும் பிடிபடவில்லை. நான் கோழி தின்பதை விட்டுவிட்டேன்.