பின்னறைக் கம்பிக்கு வந்த ஆள்

இலங்கை மலையகத்து உக்குவளையில் தையல்காரர் இராசமாணிக்கம் அந்த மார்கழியில் ஒரு சபதம் எடுத்தார். மாசித் திருவிழாவுக்குள் தோளை வளர்த்தே தீருவது! போன வருஷம் அம்மன் பல்லக்குத் தூக்கியபோது பாதி வீதியிலேயே அவர் தோள் இறங்கிவிட்டது. மனைவியின் தம்பி நல்லையா ஓடி வந்து தோள் கொடுத்தான். இந்த வருஷமும் இறங்கினால், அப்பா காலத்திலிருந்து வந்த இடம் மச்சானுக்கே போய்விடும். முப்பது வருஷம் மெஷின் மிதித்ததில் அவருக்குக் கால்தான் தேறியிருந்தது. கையோ, அளவு நாடாவைத் தூக்கும், அவ்வளவுதான்.

எல்கடுவப் பக்கம் தேயிலை அரைக்கும் ஒரு பழைய ஸ்டோரை இடித்தார்கள். அங்கிருந்து ஓர் இரும்புக் கம்பியைச் சுமந்துவந்து பின்னறை வாசலுக்குக் குறுக்கே பொருத்தினார். தினமும் அதில் தொங்கினார். மோவாய் கம்பியைத் தாண்டினால் சுவரில் கரியால் ஒரு கோடு. இரண்டு வாரத்தில் இரண்டு கோடு.

மூன்றாம் வாரம் ஒரு விடியற்காலை. மலையிலிருந்து பனி இறங்கி முற்றத்தை மூடியிருந்தது. முன்னறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கிணற்றுக் கப்பியின் சத்தம் நின்றது. பின்னறையில் கம்பி கிரீச்சென்றது. மறுபடியும் கிரீச். யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

எழுந்து போய்ப் பார்த்தார். யாருமில்லை. கம்பியில் இரண்டு ஈரக் கைத்தடங்கள். சுவரில் அவருடைய இரண்டு கோடுகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஏழு!

“மங்களம்!” என்று கத்தினார்.

மனைவி மங்களேஸ்வரி பனிக்குள்ளிருந்து குடத்தோடு வந்தாள்.

“என்னங்க, முகம் இப்பிடி வெளுத்துப்போச்சு?”

“இந்தக் கோடு யாரு போட்டது?”

“நீங்கதானே போடுவீங்க.”

“நான் ரெண்டு. இது ஏழு!”

அவள் கம்பியை வெகுநேரம் பார்த்தாள். “இது ஸ்டோர்ல எந்த எடத்துல இருந்துச்சு?”

“ஏன் கேக்குற?”

“சும்மாதான்.”



மறுநாள் புதிதாக ஒன்பது கோடு. அதற்கடுத்த நாள் இன்னும் பதினொன்று. அவர் கம்பிப் பக்கமே போகவில்லை.

“கழட்டிருவோமா?”

“கழட்டினா கம்பியோட வந்த ஆளு எங்கங்க போவாரு? வீட்டுக்குள்ளதான் நிப்பாரு.”

“அப்ப என்னதான் செய்றது?”

“குறி சொல்ற சுந்தரம்மா அக்காகிட்ட கேட்டேன். பாடுபட்டே செத்த ஆளாம். பாடுபடாத கை கம்பியத் தொட்டா அவருக்குப் பிடிக்காதாம். வீட்டு ஆம்பளை விடியமுன்ன முப்பது குடம் தண்ணி அள்ளணும். வாயத் திறக்கவே கூடாது. நாப்பத்தெட்டு நாள்.”

“அள்ளி எங்க ஊத்துறது?”

“குசினியில அடுப்புக்குப் பக்கத்துத் தொட்டியிலதான்,” என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

அள்ளினார். கயிறு உள்ளங்கையை அறுத்தது. பனிக்குள் யாரோ பிடரிக்குப் பின்னால் நிற்பது போலிருந்தது. திரும்பவில்லை. கிணற்றடியில் அவர் கப்பி கிரீச்சென்றால், பின்னறையில் கம்பியும் கிரீச்சென்றது. இன்னும் வேகமாக அள்ளினார்.

மாசி வந்தது. பல்லக்குத் தோளில் ஏறியது. ஒரு வீதி, இரண்டு வீதி, கோயில் வாசல் வரைக்கும் தோள் இறங்கவே இல்லை. பின்னால் வந்த நல்லையாவுக்கு வேலையே இல்லை. இராசமாணிக்கத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விடிந்தும் கிணற்றுக்குப் போகாமல் படுத்திருந்தார். நாற்பத்தெட்டு நாளும் முடிந்தது, ஆளும் போயிருப்பார்.

பின்னறையில் கிரீச்.

புதுத்தோள் கொடுத்த தைரியத்தில் எழுந்து போனார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கம்பியில் தொங்கினாள் மங்களேஸ்வரி. மோவாய் கம்பிக்கு மேலே ஏறியது. இறங்கி வந்து, கரியை எடுத்து அன்றைக்குப் பன்னிரண்டாவது கோட்டைப் போட்டாள்.

“இருபத்தஞ்சு வருசம் தண்ணி அள்ளின கைங்க,” என்றாள். “அடுத்த வருசமும் பல்லக்கு வருமில்ல? அத்தானுக்குத் தோள் எப்பிடித் தேறுச்சுன்னு தம்பி கேட்டுக்கிட்டே இருக்கான். நான் இன்னும் சொல்லல.”

இராசமாணிக்கம் வாயைத் திறந்தார்.

“வாயத் திறக்காம அள்ளணும்னு சொன்னேனே,” என்று குடத்தை நீட்டினாள்.