திரும்பு என்ற சொல்

மனைவி வேலைக்குப் போகக்கூடாது என்று நீலகண்டன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வாதாடி ஒரு வழி பண்ணியிருக்கலாம். அவன் முற்போக்குக்காரன். அதனால் "போகலை" என்று அவள் வாயாலேயே சொல்லவைக்கத் தீர்மானித்தான்.

வடிவாம்பாளுக்குப் பீர்மேட்டில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை உத்தரவாகியிருந்தது. பூதப்பாண்டியிலிருந்து வடக்கே இரண்டு நாள் பயணம். முண்டக்கயம் தாண்டிவிட்டால் காடு, அட்டை, மூடுபனி. இதைவிட நல்ல கூட்டாளிகள் ஒரு புருஷனுக்கு வேறு யார்?

"நானே கார்ல கொண்டுபோய்க் காட்டுகேன். போற வழியில 'திரும்பலாம்'னு நீ ஒரு தடவ சொன்னா, உத்தரவைக் கிழிச்சிரணும்."

"நீங்க சொன்னா?"

"நான் எதுக்குச் சொல்லுகேன்?"

"வாய் தவறிச் சொன்னா?"

"பின்ன உன் வேலையப்பத்தி மூச்சு விடமாட்டேன்."

"நம்ம மக அழகியும் எங்கூடத்தான் இருப்பா. சம்மதமா?"

சம்மதம் என்றான். ஜெயிக்கிறவன் எதற்குத்தான் சம்மதிக்கமாட்டான்?

அது 1953, ஆனி மாதம். நண்பன் செல்வதாஸிடம் இரவல் வாங்கிய பழைய ஆஸ்டின் கார். பின்சீட்டில் நாலு வயது அழகியநாயகி, முறுக்கு டப்பாவைக் கட்டிக்கொண்டு. கோட்டயத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் மலை ஏறத் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு வளைவிலும் நீலகண்டன், "எந்தப் பக்கம்?" என்று ஆசையோடு கேட்டான்.

"வலப்பக்கம் ஒடிங்க" என்பாள். அடுத்த வளைவில், "இடப்பக்கம் வளைங்க" என்பாள். 'திரும்புங்க' என்ற சொல்லை அவள் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

நடுப்பகலிலேயே இருட்டிவிட்டது. பனி ரோட்டில் ஏறி, காரின் மூக்கை விழுங்கி, கண்ணாடி இடுக்கு வழியே விரலை உள்ளே நீட்டியது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. சரியான சமயம் என்று நீலகண்டன் ஆரம்பித்தான்.

"இந்த மாதிரி வளைவுலதான் யட்சி நிப்பா. வெள்ளைச் சேல. விரிச்ச முடி. 'சுண்ணாம்பு இருக்கா'ன்னு கேப்பா. குடுத்தவனுக்க நகமும் முடியுந்தான் மறுநாள் கிடைக்கும்."

"சுண்ணாம்பு கேட்டா யட்சியா?"

"பின்ன?"

"நேத்து கோட்டயத்துல வெத்தலக்கடையில நீங்களும் கேட்டியளே. யாரும் உங்களை யட்சின்னு மரத்தோட வச்சு ஆணி அடிக்கலியே."

"நான் ஆம்பளை."

"அப்படிச் சொல்லுங்க. ரோட்டுல ஆம்பள நின்னா வழிப்போக்கன், பொம்பள நின்னா யட்சி. இந்தக் கதையக் கெட்டினவன் பொண்டாட்டியும் எங்கயோ வேலைக்குக் கிளம்பியிருப்பா."

வாதத்தில் தோற்ற ஆண்கள் செய்வதை நீலகண்டனும் செய்தான். ஹாரன் அடித்தான். மலை அதைத் திருப்பித் தந்தது. ஆனால் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மெல்லிய குரலில், யாரோ சொல்லிப் பார்ப்பதுபோல.

"அப்பா, அந்த அக்கா யாரு?" என்றாள் அழகி.

"எந்த அக்கா?"

"அந்தா நிக்கால்லா. வெள்ளைச் சேல."

நீலகண்டன் பார்த்தான். பனி. ஒரு மரம். மரம்தான். அடுத்த கியருக்குத் தாவினான்.

இன்னொரு வளைவு. "அப்பா, அக்கா பின்னால ஓடி வாறா."

கண்ணாடியில் பார்த்தான். வெள்ளையாக இருந்தது. எல்லாமே வெள்ளையாகத்தான் இருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தான். கார் இரண்டு முறை இருமிவிட்டு, புகை விட்டு நின்றது.

இஞ்சின் அடங்கியதும் காடு எத்தனை சத்தமில்லாதது என்று தெரிந்தது. பறவை இல்லை, காற்று இல்லை. இலையிலிருந்து ஒரு சொட்டு. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. பின்சீட்டு ஜன்னல் பக்கம் குனிந்து அழகி தணிந்த குரலில் ஏதோ பேசினாள். பிறகு இந்தப் பக்கம் பார்த்தாள்.

"அப்பா, அக்கா சுண்ணாம்பு கேக்கா."

"வடிவு, திரும்பிரலாம்."

"என்ன சொன்னிய?"

"திரும்பிரலாம்டி."

"சரியாக் கேக்கல."

"திரும்பிரலாம், தாயே."

வடிவாம்பாள் இறங்கி, செம்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினாள். கார் உயிர்பெற்றது. ஆனால் காரைத் திருப்ப ரோட்டில் இடம் இல்லை. மேலேதான் போகமுடிந்தது.

பீர்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை நேசபாய் டீ கொடுத்து, ஆசிரியை தங்கும் வீட்டின் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அழகி கையை நீட்டினாள்.

"அம்மா, சொன்னேன்லா. அல்வா தா."

நீலகண்டனுக்கு மெல்ல விளங்கியது. "ஏட்டி வடிவு, நீ சொல்லிக்குடுத்ததா?"

"நீங்க செல்வதாஸ் அண்ணன்கிட்ட யட்சிக் கதைய ஒத்திக பாத்திய. நான் இவளுக்கு ஒத்திக பாத்தேன்."

அவமானத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. உரக்கச் சிரித்தான். "மூணு தடவையும் என்னமா நடிச்சா."

அல்வாப் பொட்டலத்தைப் பிரித்த வடிவாம்பாளின் கை நின்றது.

"மூணா? நின்னா, ஓடி வந்தா. ரெண்டுதான் சொல்லிக்குடுத்தேன்."

"சுண்ணாம்பு?"

வடிவாம்பாள் முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டாள். சிரிப்பை மறைக்கவா, வேறெதையாவது மறைக்கவா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அது அந்த அக்காவாக் கேட்டா" என்றாள் அழகி, அல்வாவை மென்றபடி. "எங்கிட்ட இல்லன்னேன். அப்பா தனியாத் திரும்பி வரும்போ கொண்டு வருவான்னு சொல்லியிருக்கேன்."

மறுநாள் மணியடித்ததும் வடிவாம்பாள் வகுப்புக்குப் போனாள். சற்றுநேரத்தில் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, இன்னும் ஊருக்குக் கிளம்பாத நீலகண்டன் வந்து நின்று, ஒரு பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று கேட்டான்.