துடைத்த பின் இருபத்துமூன்று

"பையன் எலுமிச்சை நிறம்." 1975 பிப்ரவரியில் என் அப்பா முதலமடைப் பெண்வீட்டாருக்கு எழுதிய கார்டில் இப்படி இருக்கிறது. கையெழுத்து அவருடையது; பொய் என்னுடையது. அதற்குமுன் மூன்று வீடுகள் என்னை வேண்டாமென்று சொல்லியிருந்தன.

அப்போது நான் கோவையில் ஓர் ஆராய்ச்சியாளருக்கு உதவியாளன். தோலைக் குத்தாமல், கீறாமல், அதன்மேல் வெளிச்சம் பாய்ச்சி, நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வருகிறதென்று முள்ளால் காட்டும் கருவி எங்களிடம் இருந்தது. கருத்த தோல் வெளிச்சத்தை விழுங்கும்; வெளுத்த தோல் திருப்பித் தரும். கஞ்சிக்கோட்டில் தொழிலாளர்களை அளந்துவிட்டு, கருவியோடு நேரே பெண் பார்க்கப் போனேன்; அப்பா அங்கே முன்பே வந்திருந்தார். (பஜ்ஜியோடு நிறுத்தியிருக்கலாம்.)

ரேடியோ பிளக்கைப் பிடுங்கிக் கருவியைச் சொருகினேன்.

"பொண்ணு கையை நீட்டட்டும். நெறத்தை நம்பர்லயே சொல்லிடலாம்."

அப்பா என் தொடையைக் கிள்ளினார்.

கதவோரம் நின்ற பெண், சரோஜா, கேட்டாள்: "ஏனுங்க, மொதல்ல உங்க கைல வெச்சுக் காட்டுங்களே."

வைத்தேன். ஐம்பத்திரண்டு! நான் நிமிர்வதற்குள் அவளுடைய அப்பா எழுந்து வந்து என் கையை மோந்து பார்த்தார். அவர் மாங்காய் வியாபாரி.

"பவுடருங்களா, தம்பி?"

"கொஞ்சம்..." (அரை டப்பா.)

"கார்பைடு கல்லு வெச்ச மாங்காயையே தொடச்சுப் பாத்துத்தானுங்க வெல சொல்லுவோம்."

தோள்துண்டைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, கூடை மாங்காயைத் துடைப்பதுபோல் அழுத்தித் துடைத்தார். மறுபடி வைத்தேன். சரோஜா குனிந்து உரக்கப் படித்தாள்: "இருபத்திமூணு."

"எலுமிச்சைன்னு எழுதியிருந்தீங்களே, இது புளியங்கொட்டையில்லீங்களா!" என்று சமையலறையிலிருந்து அவளுடைய அம்மா.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு முறைதான் பேசினார்: "இனி உனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

பத்து நாளில் கார்டு வந்தது. "நிறம் பார்த்தாகிவிட்டது. இருபத்துமூன்று. பெண்ணுக்குச் சம்மதம். மிஷினைக் கொண்டுவர வேண்டாம்."

இன்றும் வீட்டுக்கு மாங்காய்க் கூடை வந்தால், சரோஜா முதல் காயைத் துடைத்து என் கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்கிறாள். "எத்தனைம்மா?" என்கிறார்கள் பிள்ளைகள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அளப்பதற்குமுன் கருவியை வெள்ளைக் கட்டியின்மேல் வைத்து, முள்ளை நூறில் நிறுத்த வேண்டும். அன்று நிறுத்தினேனா? என் டைரியில் குறிப்பில்லை. "நிறுத்துனீங்க, நான் பாத்தேன்" என்கிறாள் சரோஜா. அவள் அன்றுதான் அந்தக் கருவியை முதன்முதலாகப் பார்த்தவள். ஆகவே, என் நிறம் இருபத்துமூன்று என்பது இதுவரை சரிபார்க்கப்படாத தகவல்.